கீபோர்டு போச்சு என்று முடிவு கட்டும் முன்: ஓரத்துக் கீகள் செய்யும் குளறுபடிகள்

தெரிந்தவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் தலையில் விழுந்த வேலை. ‘கீபோர்டு போச்சு, புதுசு வாங்கணுமா?’ என்றுதான் பாதிப் பேச்சு ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் கீபோர்டு கல்லு மாதிரி இருக்கும். யாருமே தொடாத ஓரத்துக் கீ ஒன்று கைபட்டு அழுந்தி, நாற்பது வருடத்துக்கு முன்னால் தனக்குக் கொடுத்த வேலையை இன்னும் விசுவாசமாகச் செய்துகொண்டிருக்கும். திரும்பத் திரும்ப ஒரே கதையைப் போனில் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள், மேலிருந்து கீழே படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் விண்டோஸ், வேண்டிய இடத்தில் லினக்ஸும் மேக்கும்.

## எதுவாக இருந்தாலும் முதலில் இந்த மூன்று

ஒன்று, விளக்கைப் பாருங்கள். கேப்ஸ்லாக், நம்லாக், ஸ்க்ரோல் லாக் மூன்றுக்கும் தனித்தனி விளக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசி கீபோர்டில் இந்த விளக்குகளே கிடையாது, எந்த லாக் போட்டிருக்கிறது என்று அடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1984-இல் வந்த ஏடி மாடலில்தான் விளக்கு வைத்தார்கள். இப்போது பல லேப்டாப்பில் இடமில்லை என்று மறுபடி எடுத்துவிட்டார்கள், அதனால் அதே தலைவலி திரும்ப வந்திருக்கிறது.

இரண்டு, திரைக் கீபோர்டைத் திறங்கள். விண்டோஸ் கீயும் கன்ட்ரோலும் பிடித்துக்கொண்டு ஓ அழுத்தினால் வரும். எந்த லாக் போட்டிருக்கிறதோ அந்தக் கீ அதில் நிறம் மாறி நிற்கும். நம்லாக் மட்டும் உடனே தெரியாது, அதில் இருக்கும் ஆப்ஷன்ஸுக்குள் போய் எண் பலகையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

மூன்று, வேறு ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு என்றால் கீபோர்டு குற்றவாளி இல்லை, உள்ளே ஏதோ செட்டிங். அதில் சரியாக இருக்கிறது, பழையதில் மட்டும் கோளாறு என்றால் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## எக்செல்லில் அம்புக்குறி அழுத்தினால் கட்டம் நகராமல் தாளே நகர்கிறது

இதற்கு எனக்கு வந்த அழைப்புகளை எண்ணினால் தனி எக்செல் தாளே போடலாம். ஒருவர் அரைமணி நேரம் போனில், ‘கீழே அம்பு அழுத்தறேன், கர்சர் அங்கேயே இருக்கு, பின்னாடி இருக்கற எண்ணெல்லாம் ஓடுது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஸ்க்ரோல் லாக் என்று ஒரு கீ இருக்கா பாருங்க’ என்றால், இருபது வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், ‘அப்படி ஒண்ணு இருக்கா?’ என்கிறார்.

இருக்கிறது. அந்தக் கீயின் பிறவிப் பயனே இதுதான்: கர்சரை நகர்த்தாமல் திரையில் இருப்பதை மட்டும் நகர்த்துவது. மற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவை அதைக் கைவிட்டுவிட்டன, எக்செல் கைவிடவில்லை.

உறுதி செய்ய, ஃபார்முலா பட்டைக்கு இடது பக்கம் கட்டத்தின் பெயர் காட்டும் சின்னப் பெட்டியைப் பார்த்தபடி அம்புக்குறியை அழுத்துங்கள். பெயர் மாறாமல் தாள் மட்டும் நகர்ந்தால் ஸ்க்ரோல் லாக்தான். எக்செல்லின் கீழ்ப்பட்டையிலும் ஸ்க்ரோல் லாக் என்று எழுதியிருக்கும். அது தெரியவில்லை என்றால் பட்டையில் ரைட் கிளிக் செய்து அந்த வரியை டிக் செய்து வையுங்கள், அடுத்த முறை உதவும்.

சரி, அணைப்பது எப்படி? கீ இருந்தால் ஒருமுறை அழுத்துங்கள். லேப்டாப்பில் கீயே இல்லையென்றால் திரைக் கீபோர்டில் அந்தக் கீயைக் கிளிக் செய்யுங்கள், எல்லா லேப்டாப்புக்கும் பொதுவான வழி அதுதான். எஃப்என் கீயோடு சிலதில் கே, சிலதில் எஸ், சிலதில் சி என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அதை மனப்பாடம் செய்யாதீர்கள்.

அணைத்தும் சரியாகவில்லையா? வேறு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் நுழைந்து வேலை செய்கிறீர்கள் என்றால், இந்தப் பக்க நிலையும் அந்தப் பக்க நிலையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நிற்கலாம். ரிமோட் ஜன்னலை மினிமைஸ் செய்துவிட்டு, இந்தப் பக்கம் அழுத்தி அணைத்து, மறுபடி உள்ளே போங்கள்.

இதற்கு இரண்டு பங்காளிகள் உண்டு. அம்புக்குறியை நகர்த்தினால் கட்டங்கள் வரிசையாகத் தேர்வாகிக்கொண்டே போனால் அது எஃப்8, எஸ்கேப் அழுத்துங்கள். ஒரு அம்பு அழுத்தினால் தாளின் கடைசிக்கே பாய்ந்தால் எண்ட் கீ தவறுதலாக அழுந்தியிருக்கிறது, இன்னொரு முறை எண்ட் அழுத்தினால் போதும்.

ஒரு கீபோர்டை இரண்டு மூன்று கம்ப்யூட்டருக்குப் பங்கு போடும் கேவிஎம் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: பல பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக்கை வேகமாக இருமுறை அழுத்துவதுதான் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவும் சைகை. வேறு எவனும் பயன்படுத்தாத கீ என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘திடீரென்று திரையே மாறிவிட்டது’ என்றால் பேய் ஏதும் இல்லை.

## எழுத்து அடித்தால் எண் விழுகிறது, அல்லது பாஸ்வேர்டு சரியாக அடித்தும் ஏற்கவில்லை

தனி எண் பலகை இல்லாத சின்ன லேப்டாப்பில் வரும் கோளாறு. ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 வரும். யூ, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6. எம் அடித்தால் பூஜ்யம். இடது கைப்பக்க எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், வலது கைப்பக்கம் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். இந்த ஒரு அடையாளம் போதும்.

பாஸ்வேர்டில் இது மாட்டினால்தான் கொடுமை, ஏனென்றால் அங்கே வெறும் புள்ளிகள்தான் தெரியும். புள்ளியின் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்திப் பிடித்து என்ன விழுகிறது என்று பாருங்கள். நாலு பேர் இந்த ஒரு காரணத்துக்காகப் பாஸ்வேர்டை மாற்றி, மாற்றிய பாஸ்வேர்டும் வேலை செய்யாமல், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டிருக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன்.

அணைக்க, நம்லாக் என்று எழுதிய கீயைத் தேடுங்கள். எஃப் வரிசையில் ஏதோ ஒன்றில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். எஃப்என் பிடித்துக்கொண்டு அதை அழுத்துங்கள். கிடைக்கவில்லை என்றால் வெளிக் கீபோர்டைச் செருகி அதன் நம்லாக்கை அணையுங்கள். பல சமயம் வியாதி வந்ததே அந்த வழியில்தான், வெளிக் கீபோர்டில் நம்லாக் போட்டிருந்தபடியே பிடுங்கியிருப்பார்கள்.

நேர் எதிர்க் கோளாறும் உண்டு. முழு அளவுக் கீபோர்டில், வலது பக்கப் பலகையில் 8 அடித்தால் கர்சர் மேலே போகும். நம்லாக் அணைந்திருக்கிறது, அழுத்துங்கள், முடிந்தது. முதல் பிசி கீபோர்டில் 83 கீதான், தனி அம்புக்குறி கிடையாது, எண்ணும் அம்பும் ஒரே பலகையில். எது வேண்டும் என்று சொல்லத்தான் நம்லாக். 1980களின் நடுவில் 101 கீ மாடல் வந்து அம்புகளுக்குத் தனி இடம் கொடுத்த பிறகும் அந்தக் கீயை யாரும் எடுக்கவில்லை.

எண் அழுத்தினால் மௌஸ் அம்பு மெதுவாக ஊர்கிறது என்றால் அது வேறு. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றும் சேர்ந்து அழுந்தி மௌஸ் கீஸ் வசதி ஓடத் தொடங்கியிருக்கிறது. அதே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். மௌஸ் உடைந்த அன்றைக்கு இது பெரிய வரம், நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் நம்லாக் தானாக மாறிவிடுகிறதா? விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங் திரையான பயாஸுக்குள் துவக்க நிலை நம்லாக் என்று ஒரு வரி இருக்கும், முதலில் அங்கே மாற்றிப் பாருங்கள். அதற்கு மேல் விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

## நடுவில் ஒரு சொல் சேர்த்தால் அடுத்த சொல்லைத் தின்றுவிடுகிறது

‘வீடு கட்டினான்’ என்பதற்கு நடுவே ‘புதிதாக’ என்று சேர்க்கப் போவீர்கள். ‘புதிதாக’ விழும், ‘கட்டினான்’ குதறப்பட்டுக் கிடக்கும். இன்சர்ட் கீயின் வேலை. பேக்ஸ்பேஸை, டெலீட்டைத் தேடிப் போன விரல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. ஒருமுறை இன்சர்ட் அழுத்துங்கள். போனதை மீட்கக் கன்ட்ரோல் இசட்.

அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், ஓவர்டைப் நிலைக்கு இன்சர்ட் கீயைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆபிஸில் அப்படிக் கேட்காமலே மாறும், கீழ்ப்பட்டையில் என்ன நிலை என்று காட்டும்.

ஆனால் அந்தக் கீயைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஷிஃப்ட்டோடு இன்சர்ட் என்றால் பேஸ்ட், கன்ட்ரோலோடு இன்சர்ட் என்றால் காப்பி. 1987-இல் ஐபிஎம் வகுத்த பொது விதிகளில் இருந்தவை. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான டெர்மினலில், கன்ட்ரோல் வி எடுபடாதபோது, பல நாள் என்னைக் காப்பாற்றியது இந்த ஷிஃப்ட் இன்சர்ட்தான்.

## பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

நடந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரியவில்லை. படம் கிளிப்போர்டில் உட்கார்ந்திருக்கும், பெயின்ட்டைத் திறந்து பேஸ்ட் செய்து பாருங்கள். கோப்பாகவே சேமிக்க வேண்டும் என்றால் விண்டோஸ் கீயோடு அழுத்துங்கள், பிக்சர்ஸுக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் விழும். திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் போதுமென்றால் ஆல்ட்டோடு.

விண்டோஸ் 11-இல் இப்போது அந்தக் கீ அழுத்தினால் திரை மங்கி, வெட்டியெடுக்கச் சொல்லி ஒரு பட்டை வரும். அது பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அணைக்கலாம். அப்புறமும் வேலை செய்யவில்லையா? கிளவுடில் கோப்பு சேமிக்கும் செயலி ஏதாவது அந்தக் கீயைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறதா என்று அதன் செட்டிங்கில் பாருங்கள்.

பெயரில் இருக்கும் பிரின்ட் பொய்யில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஷிஃப்ட்டோடு அழுத்தினால் திரையில் இருந்த எழுத்தெல்லாம் பிரின்டரில் கடகடவென்று அச்சாகி வரும்.

## கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது அப்படியே உறைந்துவிட்டது

லினக்ஸ் டெர்மினல் என்றால் பழக்கதோஷத்தில் சேமிப்பதாக நினைத்துக் கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள். அங்கே அதற்கு ‘நிறுத்து’ என்று பொருள். கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும், நீங்கள் குழம்பிப்போய் அடித்ததெல்லாமும் சேர்ந்து வந்து விழும். டெலிடைப் இயந்திரத்தில் துளையிட்ட காகித நாடாவை நிறுத்தவும் ஓட்டவும் இருந்த சமிக்ஞைகள் இவை, இன்னும் உயிரோடு இருக்கின்றன.

விண்டோஸ் கமாண்ட் ஜன்னல் என்றால் தலைப்பில் செலெக்ட் என்று இருக்கிறதா பாருங்கள். உள்ளே மௌஸைக் கிளிக் செய்ததால் நின்றிருக்கிறது, எஸ்கேப் போதும். அது இல்லையென்றால் பாஸ் (Pause) கீ அழுந்தியிருக்கலாம், வேறு ஏதாவது கீயைத் தட்டுங்கள். பாஸ் கீ ஒன்றுக்கும் உதவாதது என்று நினைக்க வேண்டாம். ஆன் செய்தவுடன் மின்னலாய் மறையும் பயாஸ் செய்தியைப் படிக்க வேண்டுமானால் பல கம்ப்யூட்டர்களில் அதை அழுத்தி நிறுத்தி வைக்கலாம்.

அதே கீயின் மறுபாதி பிரேக். தந்தி காலத்துச் சொல், கம்பியில் ஓடும் மின்சாரத்தை வெட்டி மறுமுனையை நிறுத்தச் சொல்வது. எக்செல்லில் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பான மேக்ரோ முடிவில்லாமல் சுற்றினால் முதலில் எஸ்கேப், கேட்கவில்லை என்றால் கன்ட்ரோல் பிரேக். லேப்டாப்பில் பிரேக் இல்லையா, சிலதில் எஃப்என்னோடு பி, இல்லையென்றால் வெளிக் கீபோர்டு. விண்டோஸில் நெட் இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை ஓடும்போது கன்ட்ரோல் பிரேக் அழுத்தினால் நிற்காது, அதுவரை உள்ள கணக்கைக் காட்டிவிட்டுத் தொடரும். நெட் விட்டு விட்டு வரும் நாளில் இதைவிட நல்ல துணை இல்லை.

மௌஸும் அசையவில்லை, லினக்ஸ் மொத்தமும் உறைந்துவிட்டது என்றால் பவர் பட்டனைப் பிடிப்பதற்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. பிரின்ட் ஸ்கிரீனின் அடியில் சிஸ் ஆர்க்யூ என்று எழுதியிருக்கும், ஐபிஎம்மின் பெரிய கம்ப்யூட்டர் முனையங்களில் இருந்து 1984-இல் பிசிக்கு இறங்கி வந்த கீ. ஆல்ட்டையும் அதையும் பிடித்துக்கொண்டு எஸ், சற்று நேரம் விட்டு யூ, மறுபடி விட்டு பி. எழுதாமல் கிடப்பதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் பூட்டி, ரீஸ்டார்ட் ஆகும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இந்த மூன்றும் முதலிலேயே திறந்திருக்கும், வேறு சில வகைகளில் செட்டிங்கில் திறந்து வைக்க வேண்டும். கேப்ஸ்லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் விட்டு விட்டு எரிந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே விழுந்துவிட்டது. அப்போது பவர் பட்டன்தான். அது வாரத்துக்கு இரண்டு முறை நடந்தால் மெமரியைச் சோதிக்க ஆளிடம் கொடுங்கள்.

## கேப்ஸ்லாக் போடுகிறது, அணைய மாட்டேன் என்கிறது

ஷிஃப்ட்டை அழுத்துங்கள். அணைந்துவிட்டதா? அப்படியானால் கோளாறு இல்லை, செட்டிங். டைப்ரைட்டரில் ஷிஃப்ட் லாக்கை விடுவிக்க ஷிஃப்ட்டைத் தட்டுவார்கள், அந்தப் பழக்கம் விடாதவர்களுக்காக விண்டோஸ் அதே மாதிரி ஒரு வசதி வைத்திருக்கிறது. டைப்பிங் செட்டிங்கில் அட்வான்ஸ்டு கீபோர்டு பகுதியில், மொழி மாற்றும் ஹாட் கீகள் இருக்கும் இடத்திலேயே அதை மாற்றலாம்.

மேக்கில் கேப்ஸ்லாக் அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுகிறது என்றால் அதுவும் செட்டிங்தான், உள்ளீட்டு மொழிகள் பக்கத்தில் ஒரு டிக். எனக்கு அது பிடித்திருப்பதால் அணைக்கவில்லை.

## மின்னஞ்சல் குறி அடித்தால் மேற்கோள் குறி விழுகிறது

அமெரிக்க அமைப்புக்கும் பிரிட்டிஷ் அமைப்புக்கும் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தினால் விண்டோஸ் சத்தமில்லாமல் அமைப்பை மாற்றிவிடும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டித் திரும்பி வாருங்கள், வேண்டாத அமைப்பை மொழிப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் அடுத்த வாரம் இதே கேள்வி வரும்.

## அடித்தால் எழுத்தே வரவில்லை, அழுத்திப் பிடித்தால்தான் வருகிறது

பார்த்தவுடன் ‘செத்துப்போச்சு’ என்று தோன்றும் கோளாறு இது. யோசித்தபடி வலது ஷிஃப்ட்டில் விரலை 8 விநாடி வைத்திருந்தீர்கள், ஏதோ பெட்டி வந்தது, படிக்காமல் சரி என்று தட்டிவிட்டீர்கள். ஃபில்டர் கீஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. கை நடுங்குபவர்களுக்குத் தட்டுப்பிழை விழாமல் இருக்கச் செய்த நல்ல வசதி, தெரியாமல் மாட்டினால் நரகம். வலது ஷிஃப்ட்டை மறுபடி 8 விநாடி பிடியுங்கள். அப்படியே ஆக்சஸிபிலிட்டி கீபோர்டு பக்கத்தில் இதன் ஷார்ட்கட்டையும், ஷிஃப்ட்டை 5 முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள்.

## எஃப்5 அழுத்தினால் ரிஃப்ரெஷ் ஆகாமல் வெளிச்சம் மாறுகிறது

எஃப்என் லாக். பல லேப்டாப்பில் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் மாறும், எஸ்கேப் கீயில் சின்னப் பூட்டுப் படம் இருக்கும். மாறவில்லை என்றால் பயாஸில் ஆக்ஷன் கீ அல்லது ஹாட் கீ என்று தேடுங்கள். பிரவுசரில் பக்கத்துக்கு நடுவே கர்சர் துடித்தால் எஃப்7 அழுந்தியிருக்கிறது, அதையே மறுபடி அழுத்துங்கள்.

## விண்டோஸ் கீ, மெனு கீ

விண்டோஸ் கீ மட்டும் செத்திருந்தால், விளையாட்டுக்காரர்களுக்கான கீபோர்டா என்று பாருங்கள், அதைப் பூட்டி வைக்கத் தனிக் கீ இருக்கும். பெரும்பாலும் எஃப்என்னோடு விண்டோஸ் கீ.

1994-இல் விண்டோஸ் கீயோடு சேர்ந்து வந்த மெனு கீ புது லேப்டாப்பில் இல்லையென்றால் அழ வேண்டாம், ஷிஃப்ட் எஃப்10 அதே வேலையைச் செய்யும். அந்த இடத்தில் 2024 முதல், மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரை அழைக்கும் கோபைலட் கீ வர ஆரம்பித்திருக்கிறது. அழுத்தினால் அது கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இடது ஷிஃப்ட், விண்டோஸ் கீ, எஃப்23. கீபோர்டிலேயே இல்லாத எஃப்23! மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

## எதுவும் சரிப்படவில்லை என்றால்

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பயாஸ் திரைக்குள் போய் அங்கே அந்தக் கீ வேலை செய்கிறதா பாருங்கள். அங்கே செய்கிறது என்றால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, கீபோர்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கேயும் இல்லையென்றால் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், கீயின் ஓரங்களில் காற்று அடியுங்கள்.

வரிசையாக நாலைந்து கீ ஒன்றாகச் செத்திருந்தால் உள்ளே தடம் அறுந்திருக்கும், அது வீட்டு வைத்தியத்துக்குக் கட்டுப்படாது. தனிக் கீபோர்டு என்றால் சாதாரண மாடலைப் புதிதாக வாங்குவதே மலிவு. மெக்கானிக்கல் என்றால் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றலாம்.

லேப்டாப்பில் தண்ணீரோ காப்பியோ கொட்டியிருந்தால் இதில் எழுதியிருக்கும் எதையும் செய்து பார்க்காதீர்கள். உடனே ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்துவிட்டு ஆளிடம் கொண்டு போங்கள். ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் மதர்போர்டையும் சேர்த்துக் கொல்லும். கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கீபோர்டு தனியாகக் கழருமா, மேல்தகட்டோடு ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் தகட்டையே மாற்றச் சொல்வார்கள், செலவு பல மடங்காகும். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, ஒரு யுஎஸ்பி கீபோர்டோடு இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள், நான் இதை அடித்துக்கொண்டிருப்பதே அப்படி ஒன்றில்தான்.